எமுலேட்டருக்கு எவ்வளவு ரேம் கொடுக்கணும்? சக்தி போர்டை வெச்சு ஒரு பாடம்



மினி புராஜெக்ட்டுக்கு ரிஸ்க்-ஃபைவ் எடுத்தவங்க, விண்டோஸுக்குள்ள லினக்ஸ் ஓட்டுறவங்க, ஆண்ட்ராய்டு எமுலேட்டரைத் திறந்ததும் லேப்டாப் ஃபேன் சத்தத்துல பக்கத்து பெட்காரனை எழுப்பிவிடுறவங்க, எல்லாருக்கும் பொதுவான ஒரு கேள்விதான் இந்த மாசப் பாடம். எந்த விர்ச்சுவல் மெஷின் உருவாக்கினாலும் ஒரு பெட்டி வந்து "மெமரி எவ்வளவு?"ன்னு கேட்கும். நாமளும் யோசிக்காம 2048னு அடிச்சுட்டுப் போயிடுவோம். அந்த எண் உண்மையில என்ன செய்யுது?

அது ரெண்டு பேருக்கு ஒரே நேரத்துல கொடுக்கிற வாக்கு. உள்ளே ஓடுற கெஸ்ட்டுக்கு, "உன் மெஷின்ல இவ்வளவு ரேம் இருக்கு"ன்னு சொல்றோம். வெளியே இருக்கிற ஹோஸ்ட்டுக்கு, "இந்த புராசஸ் இவ்வளவு வரைக்கும் கேட்கும்"னு சொல்றோம். ரெண்டுல எதைத் தப்பாச் சொன்னாலும் தண்டனை வேற வேற மாதிரி வரும். முதல்ல உள்ளே பார்ப்போம்.

(கமாண்டுகளையும் ஹெக்ஸ் எண்களையும் தமிழ் எழுத்துலயே எழுதியிருக்கேன். டெர்மினல்ல அடிக்கும்போது ஆங்கிலத்துல மாத்திக்கோங்க.)

சக்தியும் க்யூஎமுவும்

முதலியார்பேட்டையில இருந்து சுமார் 150 கிலோமீட்டர் தூரத்துல, ஐஐடி மெட்ராஸ் ரைஸ் லேப்ல பேராசிரியர் காமகோடி தலைமையில உருவானதுதான் சக்தி புராசசர். ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பு, திறந்த வடிவமைப்பு. 2018ல ரெண்டு தடவை சிலிக்கான்ல வந்தது: ஒண்ணு இன்டெலோட 22 நானோமீட்டர்ல, இன்னொண்ணு சண்டிகர் எஸ்சிஎல்ல 180 நானோமீட்டர்ல.

சிப் கையில இல்லாதவங்க ஆர்ட்டி ஏ7-100டி எஃப்பிஜிஏ போர்டுல சக்தியை ஏத்தி வேலை செய்யலாம். அந்த போர்டும் கையில இல்லையா? அதுக்குத்தான் க்யூஎமு. 2021 ஆகஸ்ட்ல வெளிவந்த 6.1 பதிப்புல இருந்து க்யூஎமுவுக்குள்ளயே "சக்தி சி"ன்னு ஒரு மெஷின் இருக்கு. சி-கிளாஸ் கோர் ஒண்ணு, டைமர், இன்டரப்ட் கன்ட்ரோலர், சீரியல் போர்ட் எல்லாம் அதுல உண்டு. க்யூஎமுவை 2003ல எழுதி வெளியிட்டவர் ஃபாப்ரிஸ் பெல்லார்ட்னு ஒரு பிரெஞ்சுக்காரர், எஃப்எஃப்எம்பெக்கை ஆரம்பிச்சவரும் அவரேதான். நம்ம ஊர்ல பிரெஞ்சு மிச்சம்னா தெருப் பேரும் சிவப்புத் தொப்பி போலீஸும்தான்னு நினைக்கிறவங்க இந்தப் பேரையும் சேர்த்துக்கலாம்.

8-க்குப் பின்னாடி ஏழு சைபர்

சக்தி மெஷினோட மெமரி வரைபடம் சின்னது. சீரியல் போர்ட்டோட முகவரி ஹெக்ஸ்ல 11300. டைமர் 2000000ல. ரேம் ஆரம்பிக்கிற இடம் 80000000, அதாவது 8-க்குப் பின்னாடி ஏழு சைபர். கணக்குப் பண்ணிப் பார்த்தா சரியா 2 ஜிபி கோடு. அதுக்குக் கீழே இருக்கிற முகவரிகள்ல பெரும்பாலானது காலி மனை. அங்கங்க ஒரு டிவைஸ் மட்டும் குடியிருக்கும்.

நீங்க "மைனஸ் எம் 256"னு கொடுத்தா, க்யூஎமு ஹோஸ்ட் லினக்ஸ்கிட்ட எம்மேப் மூலமா தன் சொந்த முகவரி வெளியில 256 எம்பி இடம் கேட்டு வாங்குது. அது எந்த முகவரியில கிடைக்கும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் மாறும். கெஸ்ட்டுக்கு அது தெரியவே தெரியாது, அதுக்கு ரேம் எப்பவும் 80000000லதான். வாசல்ல "பழைய எண் 14, புதிய எண் 37"னு ரெண்டு பலகை மாட்டின வீடு பார்த்திருப்பீங்க. கெஸ்ட் பழைய எண்ணைச் சொல்லித் தேடும், க்யூஎமு புதிய எண்ணுக்குக் கூட்டிட்டுப் போகும்.

சக்தி ரிஸ்க்-ஃபைவ், நம்ம லேப்டாப் எக்ஸ்86. அதனால ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்துத்தான் ஓட்டணும். இந்தப் பகுதிக்கு டிசிஜின்னு பேரு. கெஸ்ட் புரோகிராம் ஒரு முகவரியைத் தொடும்போது டிசிஜி முதல்ல தன்னோட டிஎல்பி அட்டவணையைப் பார்க்கும். அங்க இல்லைன்னா மெமரி வரைபடத்துல தேடும். அது ரேம்னு தெரிஞ்சா, பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை அட்டவணையில எழுதி வெச்சுக்கும். அடுத்த தடவை அதே பக்கம் வந்தா ஒரு கூட்டல் மட்டும்தான். அது டிவைஸ் முகவரியா இருந்தா கதை வேற. 11300ல நீங்க ஒரு பைட் எழுதினா அது எங்கேயும் சேமிக்கப்படாது, சீரியல் போர்ட்டுக்கான ஒரு ஃபங்ஷன் கூப்பிடப்படும், உங்க டெர்மினல்ல ஒரு எழுத்து வரும். முகவரி வெளியில ரேமும் டிவைஸும் ஒரே தெருவுல இருக்குன்னு கிளாஸ்ல சொல்லுவாங்களே, அதை இவ்வளவு கண்கூடா வேற எங்கயும் பார்க்க முடியாது.

இப்ப எண்ணுக்கு வருவோம். ஆர்ட்டி ஏ7 போர்டுல இருக்கிற டிடிஆர்3 ரேம் 256 எம்பி. க்யூஎமுல மைனஸ் எம் கொடுக்காம விட்டா, வழக்கமான 128 எம்பிதான் கிடைக்கும். அது போர்டுல பாதி. நெட்ல யாரோ போட்ட கமாண்டை காப்பி அடிச்சு 2ஜின்னு கொடுத்தா, போர்டைப் போல எட்டு மடங்கு. க்யூஎமு ரெண்டுக்கும் தலையாட்டும்.

இந்த எட்டு மடங்குலதான் வினை. உங்க புரோகிராம்ல 300 எம்பிக்கு ஒரு அரே இருக்குன்னு வைங்க, இல்லைன்னா ஸ்டாக்கை ரேமோட உச்சியில வைக்கிற லிங்கர் ஸ்கிரிப்ட்ல ரேம் அளவு தப்பா இருக்குன்னு வைங்க. எமுலேட்டர்ல அருமையா ஓடும். ரிவியூ அன்னைக்கு போர்டுல ஏத்தினா சீரியல் டெர்மினல்ல ஒரு எழுத்துகூட வராது. எர்ரர் மெசேஜும் வராது, ஏன்னா மெசேஜ் அடிக்கிற கோடுக்கே ஸ்டாக் இல்லை. 256னு கொடுத்திருந்தா, ரேமோட கடைசி பைட் 8-க்குப் பின்னாடி ஏழு எஃப்ல முடியும். அதைத் தாண்டித் தொட்ட அந்த நொடியே க்யூஎமு ஆக்சஸ் ஃபால்ட் எழுப்பும். ஜிடிபியை மாட்டி எந்த வரியில நடந்ததுன்னு பார்த்துடலாம். அதனால போர்டுக்காக எமுலேட் பண்றவங்க தாராளமா இருக்கக் கூடாது. போர்டுல எவ்வளவோ அவ்வளவுதான், ஒரு எம்பி கூடக் கூடாது.

இன்னொரு பொறி, இது நிறைய பேருக்குத் தெரியாது. எம்மேப்ல வாங்குற புது இடத்தை லினக்ஸ் கர்னல் எப்பவும் சைபரால நிரப்பித்தான் கொடுக்கும். ஒரு புராசஸோட பழைய டேட்டா இன்னொரு புராசஸுக்குத் தெரியக் கூடாதுங்கிற பாதுகாப்புக்காக. ஆனா போர்டுல இருக்கிற டிடிஆர் ரேம் பவர் ஆன் ஆகும்போது அப்படி இருக்கும்னு யாரும் உத்தரவாதம் தர மாட்டாங்க, கண்டது கடையது இருக்கும். உங்க ஸ்டார்ட்டப் கோடு பிஎஸ்எஸ் பகுதியை சைபர் ஆக்க மறந்திருந்தா, எமுலேட்டர்ல எல்லா குளோபல் வேரியபிளும் சமர்த்தா 0ல ஆரம்பிக்கும். போர்டுல கவுண்டர் 3 கோடியே சொச்சத்துல ஆரம்பிக்கும். எமுலேட்டர் காட்டுற ரேம் நிஜ ரேமைவிட சுத்தமானதுங்கிறதை மனசுல வெச்சு, ஸ்டார்ட்டப் கோடை ஒரு தடவை கண்ணால படிச்சுப் பாருங்க. சோதிச்சே பார்க்கணும்னா, க்யூஎமுவை ஜிடிபியோட நிறுத்தி வெச்சு, பிஎஸ்எஸ் பகுதியில குப்பை எண்களை எழுதிட்டு ஓட விடுங்க. தப்பு உடனே தலைகாட்டும்.

இலை கணக்கு

இப்ப வெளியே வருவோம். மைனஸ் எம் 2ஜி கொடுத்ததும் உங்க லேப்டாப்ல 2 ஜிபி போயிடுச்சா? இல்லை.

மண்டபத்துல 500 இலைன்னு சமையல்காரர்கிட்ட சொல்லுவோம். அதுக்காக முகூர்த்தத்துக்கு முன்னாடியே 500 இலையையும் விரிச்சு சாம்பார் ஊத்தி வைக்க மாட்டாங்க. ஆள் உட்கார்ந்தாத்தான் இலை. லினக்ஸும் அப்படியே. எம்மேப் கேட்டா "சரி"ன்னு மட்டும் சொல்லும். கெஸ்ட் ஒரு பக்கத்தை முதல் தடவை தொடும்போதுதான் 4 கேபி நிஜ ரேம் ஒதுக்கும். டாப் கமாண்ட்ல க்யூஎமு வரியைப் பாருங்க: வெர்ட்னு ஒரு எண், ரெஸ்னு ஒரு எண். வெர்ட் சொல்லி வெச்ச இலை. ரெஸ் உண்மையில போட்ட இலை.

டிசிஜியோட மொழிபெயர்ப்புக் கிடங்குக்கும் இதே கணக்குதான். 64 பிட் ஹோஸ்ட்ல புது க்யூஎமு பதிப்புகள் அதுக்கு 1 ஜிபி வரை கேட்டு வைக்கும். 256 எம்பி கெஸ்ட்டுக்கு 1 ஜிபி கிடங்கான்னு வெர்ட்டைப் பார்த்துப் பதற வேண்டாம், ரெஸ் சின்னதாத்தான் இருக்கும்.

இந்த ஏற்பாட்டுல ஒரு சிக்கல் உண்டு. போட்ட இலையை எடுக்க மாட்டாங்க. கெஸ்ட்டுக்குள்ள ஒரு பெரிய ஃபைலைப் படிங்க. கெஸ்ட் லினக்ஸ் அதை பேஜ் கேஷ்ல வெச்சுக்கும், வெளியே ரெஸ் ஏறும். இப்ப அந்த ஃபைலை அழிச்சிடுங்க. கெஸ்ட்டுக்குள்ள "ஃப்ரீ" அடிச்சா மெமரி திரும்பக் கிடைச்சிருக்கும். வெளியே ரெஸ் அசையாது. கெஸ்ட் ஒரு பக்கத்தைக் கைவிட்டது ஹோஸ்ட்டுக்கு எப்படித் தெரியும்? அது கெஸ்ட்டோட உள் நோட்டுல எழுதின குறிப்பு, ஹோஸ்ட் அதைப் படிக்கிறதில்லை. ரெண்டு மணி நேரம் ஓடின எந்த கெஸ்ட்டும் அனேகமா முழு அளவுக்கு வீங்கியிருக்கும். விண்டோஸ் கெஸ்ட்டா இருந்தா இன்னும் சீக்கிரம், ஏன்னா அது காலிப் பக்கங்களைக்கூட சைபர் எழுதித் தயாரா வைக்கிற பழக்கம் உள்ளது. எழுதறதும் தொடறதுதானே!

அதனால "ரெஸ் கம்மியாத்தானே இருக்கு"ன்னு 8 ஜிபி லேப்டாப்ல 4 ஜிபி கெஸ்ட் மூணு ஓட்டினா, ஆரம்பத்துல எல்லாம் ஓடும். ஒரே சமையல்காரர் ஒரே முகூர்த்தத்துல மூணு மண்டபத்துக்கு ஒத்துக்கிட்ட மாதிரி. லினக்ஸ் வழக்கமான அமைப்புல தனித்தனியா வர்ற கோரிக்கைகளை இப்படி ஏத்துக்கும். ஒரே கோரிக்கை மொத்த ரேமையும் ஸ்வாப்பையும் கூட்டினதைவிடப் பெருசா இருந்தாத்தான் நேரடியா மறுக்கும். 8 ஜிபி மெஷின்ல 64ஜி கேட்டுப் பாருங்க, "கெஸ்ட் மெமரி அமைக்க முடியலை"ன்னு க்யூஎமு வாசல்லயே நின்னுடும். நான் அந்த எர்ரரை நல்ல எர்ரர்னுதான் சொல்லுவேன். கெட்டது எதுன்னா, எல்லா பந்தியும் ஒரே நேரத்துல நிரம்புறது. அப்ப கர்னலோட ஓஓஎம் கில்லர் எழுந்து, எந்த புராசஸ் அதிக மெமரியைப் பிடிச்சிருக்குன்னு பார்த்து அதைக் கொல்லும். லேப்டாப்லயே பெரிய புராசஸ் எது? உங்க க்யூஎமுதான். கெஸ்ட்டைப் பொறுத்தவரை அது பிளக்கைப் பிடுங்கின மாதிரி. டிஸ்க்குக்குப் போகாத டேட்டா போனது போனதுதான்.

அதுக்கு முன்னாடி ஸ்வாப் கட்டம் வரும், அதுவும் சித்திரவதை. கெஸ்ட் தன் பக்கங்கள்ல ஒண்ணை ஸ்வாப் பண்ண நினைக்கும். அந்தப் பக்கத்தை ஹோஸ்ட் ஏற்கெனவே டிஸ்க்ல போட்டிருக்கும். கெஸ்ட் அதை டிஸ்க்ல எழுதறதுக்காகவே ஹோஸ்ட் டிஸ்க்ல இருந்து திரும்பக் கொண்டுவரும்! அப்ப மவுஸ் பாயிண்டர்கூட யோசிச்சு யோசிச்சுத்தான் நகரும்.

பலூன்

கெஸ்ட்டோட உள் நோட்டை ஹோஸ்ட் படிக்க முடியாதுன்னா, கெஸ்ட்டுக்குள்ளயே நம்ம ஆள் ஒருத்தரை உட்கார வெச்சா? இதுதான் பலூன் யோசனை. விஎம்வேர் ஈஎஸ்எக்ஸ் சர்வருக்காக கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002ல எழுதின ஆய்வுக் கட்டுரையில இது விளக்கமா இருக்கு. ஆபரேட்டிங் சிஸ்டம் தேர்வுக்குப் படிக்கிறவங்க கட்டாயம் படிக்க வேண்டிய கட்டுரைன்னு நான் சொல்லுவேன், பாடப் புத்தகத்தைவிட சுவாரசியம்.

கெஸ்ட்டுக்குள்ள ஒரு டிரைவர். வெளியே இருந்து "ஊது"ன்னு சொன்னா, அது கெஸ்ட் கர்னல்கிட்ட சாதாரண டிரைவர் மாதிரி மெமரி கேட்கும். கர்னல், எது காலி, எந்தக் கேஷைத் தூக்கி எறியலாம்னு தனக்குத் தெரிஞ்ச வரிசையில பார்த்துக் கொடுக்கும். டிரைவர் அந்தப் பக்கங்களை உபயோகிக்காது. அவற்றோட எண்களை மட்டும் வெளியே சொல்லும். க்யூஎமு அந்தப் பக்கங்களை ஹோஸ்ட் கர்னல்கிட்ட "இனி வேண்டாம்"னு திருப்பிக் கொடுத்துடும். ரெஸ் இறங்கும். எந்தப் பக்கம் முக்கியம்னு தெரிஞ்சவரே முடிவெடுக்கிறார்ங்கிறதுதான் இதோட அழகு. ஹோஸ்ட் ஸ்வாப் குருட்டுத்தனமா எடுக்கும், பலூன் கேட்டு எடுக்கும்.

செய்து பாருங்க. எக்ஸ்86 லினக்ஸ் கெஸ்ட் ஒண்ணை கேவிஎம்மோட, வர்ட்டியோ பலூன் டிவைஸ் சேர்த்து 2 ஜிபில ஆரம்பிங்க. (சக்தி மெஷின்ல இது வேலைக்கு ஆகாது, அதுல வர்ட்டியோ டிவைஸ் எதுவும் இல்லை.) சென்னை சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸே போதும், டெபியன் வழியில வந்ததுதான். பெரிய ஃபைல் படிச்சு ரெஸ்ஸை ஏத்துங்க. அப்புறம் க்யூஎமு மானிட்டர்ல "பலூன் 1024"னு அடிச்சுட்டு டாப்பைப் பாருங்க. "இன்ஃபோ பலூன்" அடிச்சா இப்போதைய அளவு தெரியும். விர்ட்-மேனேஜர்ல மெமரிப் பக்கத்துல கரன்ட், மேக்ஸிமம்னு ரெண்டு பெட்டி ஏன்னு குழம்பினவங்களுக்கு விடையும் இதுதான். மேக்ஸிமம் வாக்கு. கரன்ட், பலூன் ஊதினது போக மிச்சம்.

பலூன் தானா ஊதாது. யாராவது சொல்லணும். ரொம்ப ஊதினா கெஸ்ட்டுக்குள்ள ஓஓஎம் கில்லர் எழுந்து உங்க டேட்டாபேஸைக் கொல்லும், அங்க மிச்சம் பிடிச்சு இங்க இழந்த கதை. கெஸ்ட்ல லினக்ஸ் 5.7, ஹோஸ்ட்ல க்யூஎமு 5.1, அல்லது அதுக்கு மேல இருந்தா, பலூன் டிவைஸோட "ஃப்ரீ பேஜ் ரிப்போர்ட்டிங்" ஆப்ஷனை ஆன் பண்ணலாம். கெஸ்ட் காலிப் பக்கங்களை அப்பப்ப தானே தெரிவிக்கும். ஆனா பேஜ் கேஷ்ல இருக்கிறது காலிப் பக்கம் இல்லை, அதைத் திருப்பித் தராது. லேப்டாப்ல ஓட்டுறவங்களுக்கு நான் பரிந்துரைக்கிறது இதைத்தான்.

கேஎஸ்எம்னு இன்னொரு வழி, ஒரே உள்ளடக்கம் உள்ள பக்கங்களை ஒண்ணாச் சேர்க்கிறது. 2009ல லினக்ஸ் 2.6.32ல வந்தது. 16 ஜிபி சர்வர்ல 1 ஜிபி விண்டோஸ் எக்ஸ்பி 52 ஓட்டிக் காட்டினாங்க. ஒரே ஓஎஸ்ஸை ஐம்பது தடவை ஓட்டுற லேபுக்கு சரி. நம்ம ரெண்டு கெஸ்ட்டுக்கு, ஓயாம ஒப்பிட்டுப் பார்க்கிற சிபியூ செலவு கட்டுப்படி ஆகாது.

நம்ம லேப்டாப்ல

முதலியார்பேட்டையில ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற எங்க நாலு பேர்கிட்டயும் 8 ஜிபி லேப்டாப்தான். அதுக்கு நாங்க வெச்சிருக்கிற கணக்கு: பிரவுசரும் ஹோஸ்ட் ஓஎஸ்ஸும் சேர்ந்து பாதி. மிச்ச பாதியை எல்லா கெஸ்ட்டோட மைனஸ் எம் கூட்டுத்தொகையும் தாண்டக் கூடாது. ரெஸ்ஸை நம்பி இல்லை, முழு வாக்கையும் நம்பி. டெஸ்க்டாப் இல்லாத சர்வர் கெஸ்ட்டுக்கு 1 ஜிபி போதும். டெஸ்க்டாப் வேணும்னா 2. கெஸ்ட் டிஸ்க்குக்கு "கேஷ் நன்" கொடுங்க. இல்லைன்னா ஒரே ஃபைலை கெஸ்ட்டும் கேஷ் பண்ணும், ஹோஸ்ட்டும் கேஷ் பண்ணும்.

விண்டோஸ்காரங்களுக்கு: டாஸ்க் மேனேஜர்ல "விஎம்மெம்"னு ஒண்ணு ரேமைத் தின்னுட்டு உட்கார்ந்திருக்கும் பாருங்க, அதுதான் டபிள்யூஎஸ்எல் 2. அதுவும் ஒரு விர்ச்சுவல் மெஷின்தான். வழக்கமா மொத்த ரேம்ல பாதி வரை போகும். உங்க யூசர் ஃபோல்டர்ல டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் ஃபைல்ல மெமரி வரியைச் சேர்த்து 3 ஜிபின்னு அடைச்சு வைக்கலாம். ஆண்ட்ராய்டு எமுலேட்டரும் க்யூஎமு மேல கட்டினதே. அதுல ரேம், விஎம் ஹீப்னு ரெண்டு எண் இருக்கும். மேல பேசினதெல்லாம் ரேம் எண்ணைப் பத்தி. ஹீப்ங்கிறது உள்ளே ஒரு ஆப்புக்கான வரம்பு மட்டும், அதைக் கூட்டினா எமுலேட்டர் வேகம் ஆகாது.

ரிவியூவுக்கு முந்தின ராத்திரி ரெண்டு கெஸ்ட் கட்டாயம் ஓடணும்னா, முக்கியமான கெஸ்ட்டோட க்யூஎமுவுக்கு ஓஓஎம் ஸ்கோர் அட்ஜஸ்ட் எண்ணை மைனஸ் 500னு வைங்க, ரூட் அனுமதி வேணும். நெருக்கடி வந்தா கில்லர் முதல்ல பிரவுசரைத் தேடிப் போகும். கெஸ்ட்டுக்குள்ள கோடை கிட்ல கமிட் பண்ணி வெளியே புஷ் பண்ணிட்டுத் தூங்குங்க.

பலூன் சோதனையைச் செய்தவங்க ஊதறதுக்கு முன்னாடி ரெஸ், பின்னாடி ரெஸ், கெஸ்ட் எது, எத்தனை மணி நேரம் ஓடினதுன்னு நாலு விவரத்தோட இதழ்க் குழுவுக்கு அனுப்புங்க. விண்டோஸ் கெஸ்ட் எண்கள் வந்தா இன்னும் நல்லது, எங்க நாலு பேர்ல யார்கிட்டயும் அது இல்லை.